இணைப்பு எந்தத் தாவலில் திறக்க வேண்டும், யார் முடிவு செய்வது?

எழுபது வயதைத் தாண்டிய என் உறவினர் ஒருவர் கணினியில் நீண்ட கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓர் இணைப்பைச் சொடுக்கினார். அந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பப் பின்செல் பொத்தானை அழுத்தினார். பொத்தான் மங்கிக் கிடந்தது, அசையவே இல்லை. இணைப்பு புதிய தாவலில் (டேப்) திறந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. புதிய தாவலுக்குப் பழைய பயணம் எதுவும் நினைவில் இருக்காது என்பதும் தெரியாது. கட்டுரை தொலைந்துவிட்டது என்றே நினைத்துக் கணினியை மூடிவிட்டார். அது பக்கத்துத் தாவலில் பத்திரமாகத்தான் இருந்தது.

இணைப்பு எங்கே திறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமைக்கு நான்கு பேர் போட்டியிடுகிறார்கள்: பக்கத்தை எழுதியவர், படிப்பவரின் கை, உலாவியின் (பிரவுசர்) அமைப்பு, உலாவியில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரலான நீட்சி. நான்கையும் பல ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். அவற்றை ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

முதலில் பக்கத்தை எழுதியவர். இணைப்பின் குறியீட்டில் 'டார்கெட்' என்ற பண்புக்கு '_பிளாங்க்' என்று மதிப்புக் கொடுத்தால் போதும், சொடுக்குபவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் புதிய தாவல் திறக்கும். "வாசகர் நம் தளத்தை விட்டுப் போய்விடக் கூடாது" என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. சாதாரண இணைப்பு என்றால் அதே தாவலில் திறக்கலாம், புதிய தாவலில் திறக்கலாம், பின்னணியில் திறந்து வைக்கலாம், தனிச் சாளரத்திலும் திறக்கலாம். எல்லாம் வாசகர் விருப்பம். '_பிளாங்க்' போட்டதும் முதல் வழி அடைபட்டுவிடுகிறது. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின், 1999இல் வெளியான 4.01 தரத்தின் கண்டிப்பான வடிவத்தில் இந்தப் பண்புக்கே இடம் இல்லை. ஹெச்டிஎம்எல் 5 அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

பாதுகாப்புச் சிக்கலும் இதில் இருந்தது. அப்படித் திறந்த புதிய பக்கம், தன்னைத் திறந்த பழைய தாவலைப் பிடித்து வேறு முகவரிக்குத் திருப்பிவிட முடிந்தது. நீங்கள் புதிய தாவலில் மூழ்கியிருக்கும்போது, பழைய தாவலில் போலி உள்நுழைவுப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். திரும்பி வந்து பார்ப்பவர் சந்தேகமின்றிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வார். இணைப்பின் குறியீட்டில் 'நோஓப்பனர்' என்று கூடுதலாகக் குறிப்பிட்டால் இதைத் தடுக்கலாம், ஆனால் பலர் குறிப்பிடவில்லை. பின்னர் உலாவிகளே அதை இயல்பாக்கின: சஃபாரி 12.1இல் 2019ஆம் ஆண்டும், ஃபயர்ஃபாக்ஸ் 79இல் 2020ஆம் ஆண்டும், குரோம் 88இல் 2021ஆம் ஆண்டும்.

எழுத்தாளர் பக்கம் நியாயம் இருக்கும் இடங்களும் உண்டு. நீளமான படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது "விதிமுறைகளைப் பார்க்க" என்ற இணைப்பு அதே தாவலில் திறந்தால், நிரப்பியதெல்லாம் அழிந்துபோகும் ஆபத்து இருக்கிறது. ஒலியோ காணொளியோ ஓடிக்கொண்டிருக்கும் பக்கமும் அப்படித்தான். அங்கே புதிய தாவல் சரி. ஆனால் "புதிய தாவலில் திறக்கும்" என்று இணைப்பிலேயே எழுதிவிட வேண்டும். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் துணையோடு படிப்பவருக்கு இந்த ஒரு வரி பெரிய உதவி.

இரண்டாவது, கை. இந்தப் போட்டியில் என் வாக்கு இதற்குத்தான். கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி சொடுக்கினால், மேக் கணினியில் கமாண்ட் விசை, இணைப்பு பின்னணித் தாவலில் திறக்கும். நீங்கள் படிக்கும் இடம் அப்படியே இருக்கும். மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினாலும் அதுவே நடக்கும். அந்த விசையோடு ஷிஃப்டையும் சேர்த்தால் புதிய தாவல் முன்னுக்கு வரும். வெறும் ஷிஃப்ட் என்றால் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தனிச் சாளரம். சஃபாரியில் அது வாசிப்புப் பட்டியலில் சேர்த்துவிடும், கவனம். கைப்பேசியில் இணைப்பை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் பட்டியல் வரும். எதையும் நிறுவ வேண்டாம், எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் பலிக்கும்.

கையால் முடியாததும் ஒன்று உண்டு. '_பிளாங்க்' போட்ட இணைப்பை அதே தாவலில் திறக்க விசை எதுவும் இல்லை. இணைப்பைப் பிடித்து இழுத்து, இப்போதிருக்கும் தாவலின் தலைப்பின் மீதே போடலாம். அது அங்கேயே திறக்கும். ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்வது சலிப்பூட்டும். இன்னொரு தொல்லை, இணைப்பாகவே எழுதப்படாமல் சொடுக்கினால் நிரல் ஓடும்படி செய்யப்பட்ட பொத்தான்கள். அங்கே கண்ட்ரோல் விசையும் நடுச் சக்கரமும் பெரும்பாலும் பயன்படாது. இப்படிப் பக்கம் கட்டுபவர்கள்மீது எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. வாசகர் கையிலிருந்த கருவியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

உலாவி அமைப்புகளில் வேறுபாடு பெரிது. குரோமில் இதற்கென அமைப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். சஃபாரியில் புதிய சாளரத்துக்குப் பதில் தாவல் வேண்டுமா, புதிய தாவல் உடனே முன்னுக்கு வர வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். தவிர, அங்கே இணைப்பிலிருந்து பிறந்த தாவலில் பின்செல் பொத்தானை அழுத்தினால் அந்தத் தாவல் மூடி, பழைய பக்கம் வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு குரோமிலும் இப்படியே. என் உறவினரின் கணினியில் இந்த வசதி இருந்திருந்தால் அவர் திகைத்திருக்க மாட்டார்.

ஃபயர்ஃபாக்ஸ்தான் இதில் ஆழமாகப் போகிறது. முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' (about:config) என்று தட்டச்சு செய்து, 'பிரவுசர்.லிங்க்.ஓப்பன்_நியூவிண்டோ' (browser.link.open_newwindow) என்ற வரியைத் தேடுங்கள். இயல்பு மதிப்பு 3, அதாவது புதிய தாவல். 2 என்றால் புதிய சாளரம். 1 என்று மாற்றினால், புதிய தாவல் கேட்கும் இணைப்புகளும் இருக்கும் தாவலிலேயே திறக்கும். பக்கத்தை எழுதியவரின் கட்டளையை வாசகர் மீறும் வழி உலாவிக்குள்ளேயே இருக்கிறது. இதே பெயரின் இறுதியில் '.ரெஸ்ட்ரிக்ஷன்' என்று முடியும் இன்னொரு வரியும் உண்டு. அதை இயல்பான 2 என்ற மதிப்பிலேயே விட்டுவிடுங்கள். அளவு குறிப்பிட்டு எழும் சிறு சாளரங்கள், பல தளங்களின் உள்நுழைவுச் சாளரம் போன்றவை, அப்போதுதான் வழக்கம்போல் இயங்கும்.

நீட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. குரோம் பயனர்களுக்கு வேறு வழி குறைவு என்பது உண்மை. ஆனால் இந்த வேலையைச் செய்யும் நீட்சி, நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களின் உள்ளடக்கத்தையும் படிக்கவும் மாற்றவும் பொதுவாக அனுமதி கேட்கும். ஒரு தாவலுக்காக அவ்வளவு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உறவினரின் கணினியில் ஃபயர்ஃபாக்ஸை நிறுவி அந்த மதிப்பை 1 ஆக்கிக் கொடுத்திருக்கிறேன். இப்போது பின்செல் பொத்தான் அவரைக் கட்டுரைக்கே கொண்டுவந்து விடுகிறது. அந்த அமைப்பிலும் கண்ட்ரோல் விசையோடு சொடுக்கினால் புதிய தாவல் திறக்கத்தான் செய்யும். அதையும் அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.