அசகுசாவில் ஒரு மேள வீடு

ஜப்பானுக்குக் கச்சேரிக்குப் போகிற எங்கள் பக்கத்துக் கலைஞர்கள் யாராவது இதை வாசித்தால், எப்படியாவது ஒரு அரை நாளை மிச்சம் பிடித்து, ரோக்கியோவில் அசகுசாப் பக்கம் இருக்கிற தைகோகன் என்ற மேள அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். நான் இலங்கை முள்ளியவளைக்காரன், தவில் வாசிக்கிறேன். முதல் தடவை போனதால் கோயில், கடைத்தெரு, உயரமான கோபுரம் எல்லாம் காட்டினார்கள். நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் அந்தச் சனத்தோடு மனம் ஒட்டியது இங்கேதான்.

கின்சா வழி ரெயினில் தவராமச்சியில் இறங்கினால் கொஞ்ச நடைதான். கீழே மியாமோதோ உனோசுகே என்ற மேளக்கடை, 1861 இல் தொடங்கியது. திருவிழா மேளங்களோடு, தோளில் காவுகிற சாமிப் பல்லக்கும் செய்கிறவர்கள். அருங்காட்சியகம் 4 ஆம் மாடியில். கட்டணம் 500 யென், எங்கள் காசுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் வரும்.

உலகத்து மேளங்கள் வரிசையாக இருக்கின்றன, பலதை அடித்தும் பார்க்கலாம். சிவப்புக் குறி இருந்தால் தொடக்கூடாது, நீலம் என்றால் மெதுவாக, குறி இல்லாவிட்டால் ஆசை தீர அடிக்கலாம். தைகோ என்ற ஜப்பானிய மேளத்தில் முதல் அடி விழுந்ததும் அது நெஞ்சுக்குள் போய் இறங்கியது. கிட்டப் போய் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். கெயாகி என்ற மரத்தை ஒரே கட்டையாகக் குடைந்து, மாட்டுத்தோலை இழுத்து, சுற்றிவர நெருக்கமாகக் குமிழாணி அடித்திருக்கிறார்கள். எங்கள் தவிலும் பலாக்கட்டையைக் குடைந்ததுதானே, ஆனால் எங்களுக்கு வார் இருக்கிறது, இறுக்கலாம். ஆணி அடித்த தோலுக்கு அந்த வசதி இல்லை, ஆணி அடிக்கும்போதே அதன் குரலைத் தீர்மானித்துவிட வேண்டும். அந்தக் கைத்திறனை நினைத்து வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

எங்களைக் கூட்டிப்போன ஐயா சுசுமி பழகுகிறவர். அது இடுப்பு ஒடுங்கிய சின்ன மேளம், இரண்டு பக்கத் தோலையும் செம்மஞ்சள் கயிறு பிணைத்திருக்கும், வலத்தோளில் வைத்து இடக்கையால் கயிற்றை அமுக்கினால் சத்தம் ஏறி இறங்கும். அசல் எங்கள் உடுக்குத்தான்! அம்மன் கோயிலில் உடுக்கடிக்கிற என் மாமா பார்த்திருந்தால் கையை எடுத்திருக்க மாட்டார். இன்னொன்றும் சொன்னார்: சின்னச் சுசுமிக்கு ஈரப்பதம் வேண்டும், தோலில் மூச்சை ஊதி ஊதி வாசிப்பார்களாம், பெரிய சுசுமியின் தோலை மேடைக்கு முன் தணலில் காய வைப்பார்களாம். பறையை நெருப்பில் காட்டி எடுக்கிற ஊரிலிருந்து போனவனுக்கு இதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

பாடமும் வாயால்தான். நான் ‘தா தீ தொம் நம்’ என்று சொல்லி அடித்துக் காட்டினேன், அவர் ‘டொன் டொகொ டொன்’ என்று திருப்பிச் சொன்னார். அப்புறம் இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே நின்றோம். பத்து நிமிடம் இருக்கும். வேறு ஒரு கதையும் கதைக்கவில்லை.

திங்களும் செவ்வாயும் பூட்டு, மற்ற நாளில் போங்கள். இரண்டு மணித்தியாலமாவது வேண்டும், மேளக்காரர் என்றால் அதுவும் காணாது. தவில் வாசிக்கிற விரல் கூட்டையும் கழியையும் பைக்குள் வைத்துக்கொண்டு போங்கள், காட்டிக் கதைக்க உதவும்.

வரும்போது கீழே கடையில் ஒரு சோடி தைகோக் கோல் வாங்கினேன். தவிலுக்குச் சரிவராது, நீளமும் பிடியும் வேறு. இப்போது கிணற்றடி வாளியைக் கவிழ்த்துவைத்து மகன் அதால் அடிக்கிறான்.