மீன் கத்திக்குப் பிடி போட எபாக்சியா, அரக்கா?

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்திக்கு வாலை, அதாவது பிடிக்குள் போகிற இரும்பை, எதை ஊற்றி நிறுத்துவது என்று கடலூர் முதுநகரில் எங்கள் பட்டறைப் பக்கம் பேச்சு வந்தாலே ரெண்டு கட்சியாகிவிடும். ஒன்று ரெண்டு குழாய் கலந்து ஒட்டுகிற எபாக்சிப் பசை, இன்னொன்று அரக்கு. நான் அரக்குக் கட்சி. எபாக்சியில் போட்ட கத்திகளும் என்னிடம் இருக்கின்றன, அவற்றில் எனக்குக் குறையில்லை. ஆனால் வீட்டில் தினமும் தண்ணீரில் புழங்குகிற கத்தி என்றால் இப்போதெல்லாம் யோசிக்காமல் அரக்கைத்தான் எடுக்கிறேன்.

நான் சொல்வது பிடிக்குள் மறைந்து போகிற ஒல்லி வால் வைத்த கத்தியைப் பற்றி. பிடியின் அகலத்துக்கே இரும்பை விட்டு, இருபுறமும் கட்டை வைத்து ரிவிட் அடிப்பது வேறு வகை. அது பலம்தான், ஆனால் கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே பிடியைச் சுற்றி முழுக்க ஒரு கோடு ஓடும், கடற்கரை ஊரில் அந்தக் கோடு அத்தனையும் உப்பு இறங்குகிற வழி. மறைந்த வாலுக்கு வாய் ஒன்றுதான், அலகும் பிடியும் சேருகிற இடத்தில் மாட்டுகிற பித்தளைத் தகடான பூண் இருக்கிற இடம். ஜப்பானியர் சமையல் கத்திக்கும் ஃபின்லாந்துக்காரர்கள் பூக்கோ கத்திக்கும் காலங்காலமாக இந்த ஒல்லி வாலைத்தான் வைக்கிறார்கள்.

வாலைச் சிவக்கக் காய்ச்சி மரத்தில் இறக்குகிற முறை அரிவாளுக்குச் சரி. கத்தியில் அந்தச் சூடு அலகுக்கு ஏறினால் பதம், அதாவது அலகுக்கு ஏற்றிய கடினம், போய்விடும். வாலைப் பிடியின் மறுமுனையில் வெளியே எடுத்துத் தட்டி மடக்குவதும் உண்டு, அசையவே அசையாது, ஆனால் தண்ணீருக்கு இரண்டாவது வாயைத் திறந்து வைக்கிறோம். இந்த ரெண்டையும் இத்தோடு விடுகிறேன்.

எதை ஊற்றினாலும் பூண் சரியாக உட்காரவில்லை என்றால் எல்லாம் வீண். நான் 5 மி.மீ. பித்தளைத் தகட்டில், வாலின் கனம் 4 மி.மீ. என்றால் 3 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு, ஊசி அரத்தால் ஒன்றாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அராவுவேன். அலகின் தோள்பட்டையில் மார்க்கர் மையைப் பூசிப் பூணைத் தள்ளினால் எங்கே இடிக்கிறதோ அங்கே மை ஒட்டும், அந்த இடத்தை மட்டும் அராவ வேண்டும். கடைசியில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது இடுக்கில் வெளிச்சம் தெரியக்கூடாது. வால் அலகோடு சேருகிற மூலை கூராக இருக்கவும் கூடாது, உருட்டு அரத்தால் வளைவாக்கிவிட வேண்டும், கத்தி ஒடிவது பெரும்பாலும் அங்கிருந்துதான். பிடிக்கு எனக்கு வாய்த்தது பலாக்கட்டை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த ஒரு மரம், பத்து வருஷத்துக்கு மேல் நிழலில் காய்ந்தது. புளியங்கட்டையும் நன்றாக இருக்கும், குடையக் கை வலிக்கும், அவ்வளவுதான்.

சரி, எபாக்சி. கடையில் அரால்டைட் என்றே கேட்டு வாங்குகிறோம், ரெண்டு குழாயையும் சம அளவு பிதுக்கிக் கலந்தால் போதும், அடுப்பு வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் இறுகுவதை விட்டுவிட்டு நிதானமாக இறுகுவதை வாங்கி ஒரு முழு நாள் அசைக்காமல் வைக்க வேண்டும். வாலைச் சொரசொரப்பாகத் தேய்த்து, ஓரத்தில் அரத்தால் சின்னப் பற்கள் வெட்டி, தின்னரில் துடைத்துவிட்டு இறக்கினால் பிடிப்பு அபாரம். ஓட்டை கொஞ்சம் பெரிதாகப் போயிருந்தாலும் நிரப்பிக்கொள்ளும். முதல் நாள் பலத்தை மட்டும் பார்த்தால் அரக்கு அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் கேள்வி முதல் நாளைப் பற்றியதில்லை. பட்டையில் அடித்த அலகு ஒழுங்காகத் துடைத்து வைத்தால் இருபது முப்பது வருஷம் உழைக்கும், மரம் உழைக்காது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஊதும், அக்னி நட்சத்திரத்தில் சுருங்கும், மீன் கழுவிய தண்ணீரில் தினமும் நனையும். என்றைக்காவது ஒருநாள் பிடியைக் கழற்றத்தான் வேண்டும். அந்த நாளில் அது கழன்று வருமா என்பதுதான் என் கணக்கில் முதல் கேள்வி.

பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் எபாக்சி போட்ட பழைய கத்தி ஒன்றைக் கொடுத்து, "பிடி ஆடுது தம்பி, என்னான்னு பாரு" என்றார். ஆடுகிறதே ஒழிய உருவ வரவில்லை. பிடியை இடுக்கியில் இறுக்கி நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து, உளியால் பிளந்துதான் எடுக்க முடிந்தது. உள்ளே பார்க்க வேண்டியது நிறைய இருந்தது. எபாக்சி நன்றாகப் படிந்த இடத்தில் இரும்பு நேற்று அராவியதுபோல் பளபளவென்று இருந்தது. அடியில் காற்றுக் குமிழ் நின்ற இடத்திலும் பூண் வாயில் மயிரிழை விட்ட இடத்திலும் கறுப்பும் சிவப்புமாகத் துரு, அடுக்கடுக்காக உரிந்து வந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அந்த நெருக்கலில் மரமே உள்ளிருந்து வெடித்திருந்தது. எபாக்சியின் மீது பழியில்லை, குமிழ் இல்லாமல் நிரப்பியிருந்தால் நின்றிருக்கும். ஆனால் உள்ளே குமிழ் இருக்கிறதா என்று பிடியை உடைக்காமல் யாரால் பார்க்க முடியும்? சூடுபடுத்தினால் எபாக்சி கொஞ்சம் நெகிழும், உருகி ஓடாது, வாலில் வெட்டிய பற்கள் அதற்குள்ளும் கவ்விக்கொண்டுதான் நிற்கும்.

அரக்கு உருகும். அதன் பலவீனம் என்று எபாக்சிக் கட்சி சொல்வதும் இதைத்தான், நான் அதை எடுப்பதும் இதற்காகத்தான். 80 டிகிரிக்குள் இளகிவிடும், நான் பதம் போடுவது 200 டிகிரி சுற்றில், ஆக எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அலகுக்கு ஆபத்தில்லை. வட இந்தியத் தல்வார் வாள்களின் பிடி அரக்கும் பிசினும் வைத்துத்தான் நிறுத்தப்பட்டது.

வேலை இப்படி. அரக்கை இடித்து, சலித்த செங்கல் பொடியை ரெண்டுக்கு ஒன்று கலந்து பிடியின் ஓட்டையில் பாதிக்கு மேல் கொட்டுவேன். அலகில் ஈரத்துணி சுற்றி, வாலை மட்டும் சிறு தீயில் காட்ட வேண்டும். தண்ணீர் சொட்டு விட்டால் சுர்ரென்று ஓடுகிற சூடு போதும், நிறம் மாறவே கூடாது. அப்படியே பிடிக்குள் அழுத்தினால் பொடி பாகு பதத்துக்கு இளகி, வால் ஒவ்வொரு விரற்கடையாக இறங்கும். நடுவில் உருவி, மறுபடி காட்டி, மறுபடி அழுத்த வேண்டும், பூண் மரத்தில் முட்டும்போது நாலு பக்கமும் அரக்கு பிதுங்கி வர வேண்டும். எங்காவது பிதுங்கவில்லை என்றால் உள்ளே இடம் காலி. அப்போதே உருவி இன்னும் கொஞ்சம் பொடி போட்டு இறக்கலாம், எபாக்சியில் இந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஆறியதும் வழிந்தது நகத்தால் தட்டினாலே சில்லுச் சில்லாக உதிரும். ஒன்றே ஒன்று, ரொம்பக் காய்ச்சினால் அரக்கு நுரைத்து, இறுகி, பிறகு உருகாத சரக்காகிவிடும். தீ சிறிதாகவே இருக்கட்டும்.

கழற்றுவதும் அதே வழிதான். பூணையொட்டிய அலகின் அடியைச் சிறு தீயில் காட்டி, சூடு வாலுக்குள் இறங்கும்வரை பொறுத்து, பூணின் பின்னால் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினால் வால் அரக்கோடு வழுக்கி வரும். துரு இருந்தால் தேய்த்துவிட்டு அதே பிடியிலோ புதுப் பிடியிலோ இறக்கலாம். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் ஒருமுறை இப்படித் திறந்து பார்த்துவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்ற சந்தேகமே இல்லை.

அரக்குக்கு ஆகாததும் உண்டு. மே மாத மொட்டை மாடி வெயிலிலோ அடுப்பு ஓரத்திலோ கத்தியைப் போட்டு வைக்கக் கூடாது, பிடி தளர்ந்துவிடும். காரத்துக்கும் அரக்கு கரையும், சோப்புக்கட்டியும் சோடாவும் போட்டுத் தினமும் தேய்த்தால் பூண் வாய் வெளுத்து அரிக்கும். நான் அந்த விளிம்பில் தேன்மெழுகை உருக்கித் தடவிவிடுகிறேன், கரைந்தால் மறுபடி தடவ வேண்டும். சங்கரா, மத்தி ஆய்கிற கத்திக்கும் காய்கறிக் கத்திக்கும் அரக்கு நின்றதை நானே பார்த்தவன். தேங்காயும் எலும்பும் வெட்டுகிற கனத்த கத்தியில் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அரக்கு அடி தாங்காமல் நொறுங்குகிற பொருள் என்பதால் அந்த வேலைக்கு எபாக்சியோ முழு வால் ரிவிட்டோ போடச் சொல்வேன். வெளியூர்க்காரருக்குச் செய்து கொடுக்கிற கத்திக்கும் எபாக்சிதான், தை மாதம் திறந்து பார்க்க அவர் நம்மிடம் வரப்போவதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: உறைக்கு முத்திரை வைக்கிற சிவப்புக் குச்சியில் வேறு பிசினும் சாயமும் கலந்திருக்கும், அது வேண்டாம். தச்சர்கள் பாலிஷுக்கு வாங்குகிற அவலரக்கு நல்லது. நாட்டு மருந்துக் கடைக் கொம்பரக்கும் ஆகும், ஆனால் குச்சியும் தூசும் இருக்கும், உருக்கித் துணியில் வடிகட்டிய பிறகுதான் பொடிக்க வேண்டும்.