குரோமாட்டின் போஸ்ட்டாக்: கிரையோ-இஎம் லேபா, ஆப்டிக்கல் ட்வீசர்ஸ் லேபா?

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் வீட்டிலேயே முதல் பட்டதாரியாகி, பிஎச்டி வரை வந்துவிட்ட தம்பி தங்கைகள் கேட்கும் கேள்வி இது. போஸ்ட்டாக்குக்கு, அதாவது பிஎச்டி முடித்தபின் செய்யும் ஆராய்ச்சிப் பணிக்கு, வெளிநாட்டில் இரண்டு லேபும் கூப்பிட்டால் எதை எடுப்பது?

இரண்டும் ஆராய்வது ஒரே பொருளைத்தான். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளையை 147 கார இணை நீளமுள்ள டிஎன்ஏ ஏறத்தாழ 1.65 சுற்று சுற்றியிருக்கிறது. அதுதான் நியூக்ளியோசோம். இவை மணிமாலைபோல் கோத்துக் கிடப்பதுதான் குரோமாட்டின். இப்படிச் சுருண்டு கிடக்கும் மரபணுவை செல் எப்படித் திறந்து படிக்கிறது என்பதில்தான் இரண்டு லேபும் பிரிகின்றன.

கிரையோ-இஎம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கி முறை, மாதிரியைச் சட்டென்று உறையவைத்து, லட்சக்கணக்கான துகள்களின் படங்களைச் சேர்த்து முப்பரிமாண உருவம் தருகிறது. 2017இல் வேதியியல் நோபல் வாங்கிய முறை. ஒரு புரதம் நியூக்ளியோசோமை எந்த இடத்தில் பிடிக்கிறது என்று தெரியவேண்டுமானால் இதற்கு ஈடில்லை. மருந்து நிறுவன வேலைதான் குறி என்றால் யோசிக்கவே வேண்டாம், இதற்கே போங்கள்.

ஆனால் குரோமாட்டின் சும்மா இருக்கும் பொருள் இல்லை. ஆப்டிக்கல் ட்வீசர்ஸில் லேசர் ஒளியால் நுண்மணியைப் பிடித்து, அதில் கட்டிய ஒற்றை டிஎன்ஏவை இழுக்கிறோம். வெளிச்சுற்று சில பிக்கோநியூட்டன் (நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) விசையிலேயே அவிழ்ந்துவிடும். உள்சுற்று லேசில் விடாது. அந்த அவிழ்ப்பு நடக்க நடக்கவே அளக்கலாம். இந்த முறைக்காக ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. வேலை மெதுவாகத்தான் நகரும். ஒவ்வொரு மூலக்கூறாகப் பிடிக்கவேண்டும், பல நாள் ஒன்றுமே தேறாது.

இருந்தாலும் நான் ட்வீசர்ஸ் பக்கம்தான். காரணம், திரும்பி வந்து லேப் போடும் நாள். உயர்ரக கிரையோ நுண்ணோக்கி பல கோடி ரூபாய். பெங்களூரில் இருப்பது போன்ற பொது வசதியில் நேரம் கேட்டு வரிசையில் நிற்கவேண்டும். ட்வீசர்ஸை லேசர், லென்ஸ், கேமரா, அதிர்வு தாங்கும் மேசை வாங்கி உங்கள் கையாலேயே கட்டலாம். (எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போது தரை அதிர்வது தெரியுமே, அந்த அதிர்வே அளவைக் கெடுத்துவிடும். தரைத்தளத்தில் அறை கேளுங்கள்.) கட்டத் தெரிந்தவருக்குச் சின்ன நிதியிலும் சொந்தக் கேள்வி இருக்கும்.

வீட்டைவிட்டு நகரவே முடியாத நிலையா? குரோமாட்டினைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்க்கும் ஆராய்ச்சி இருக்கிறது. தரமணி மேத்சயின்ஸில் (கணித அறிவியல் நிறுவனம்) கணினி உயிரியல் நடக்கிறது.

அப்புறம் பணம். ஐரோப்பா என்றால் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு முயலுங்கள். விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், லேப் இருக்கும் அந்த நாட்டில் வாழ்ந்திருந்தால் தகுதி போய்விடும். லேபில் சேர்ந்து நிதானமாக எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

நேர்காணலில் பேராசிரியரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கிளம்பும்போது இந்த ஆராய்ச்சியில் எந்தப் பகுதியை நான் எடுத்துக்கொண்டு போகலாம்? பதிலை மின்னஞ்சலிலும் வாங்கிவையுங்கள்.