ஐந்து குளிர்காலமும் ஒரு ஷியர் போல்ட்டும்

பனியை அள்ளித் தூர எறிகிற இயந்திரமான ஸ்னோ புளோவர், கியர்பாக்ஸ் மாற்றி, போன சனிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தது. அதே வாரம் பக்கத்து ஊர் நண்பர் கூப்பிட்டு, கடையில் விலை குறைத்திருக்கிறார்கள் அண்ணா, டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற அதையே வாங்கலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோவில், ஓவன் சவுண்டு என்ற ஊருக்குத் தெற்கே. ஹூரான் ஏரியும் ஜார்ஜியன் விரிகுடாவும் உறையாமல் கிடக்கும்வரை அந்த ஈரத்தை அள்ளி வரும் காற்று எங்கள் தலையில்தான் கொட்டும். ரோட்டிலிருந்து வீட்டுக்கு 120 மீட்டர் சரளைப் பாதை. 35 குதிரைத்திறன் டிராக்டர், 5 அடி புளோவர், பி.டி.ஓ. (எஞ்சின் விசையைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று, ரிவர்ஸில் ஓட்ட வேண்டும், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கழுத்து வலியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அது இரண்டாவது வருடம் பழகிவிடும். பழகாதது ஷியர் போல்ட், அதாவது ஏதாவது மாட்டினால் கியருக்குப் பதிலாகத் தான் உடைந்து கொடுக்கிற போல்ட்.

தரை இன்னும் இறுகாத டிசம்பர் தொடக்கத்தில் ஒரு கல் உள்ளே போனால் போதும். டக்கென்று ஒரு சத்தம், பனியை உள்ளே இழுக்கிற திருகான ஆகர் நின்றுவிடும். பி.டி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். இதில் அவசரமே கூடாது, பனி வெளியே பறக்கிற குழாயான சூட் அடைத்துக்கொண்டாலும் கையை உள்ளே விடாதீர்கள், குச்சியால்தான் குத்த வேண்டும். மைனஸ் 20-ல் கையுறையோடு அந்தச் சின்ன நட்டைப் பிடிக்க வராது, கையுறையைக் கழற்றினால் விரல் இரும்பில் ஒட்டும். உடைந்த போல்ட்டின் பாதி ஓட்டைக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். அதைப் பஞ்ச் வைத்துத் தட்டி வெளியே தள்ளி, இரண்டு ஓட்டையும் நேராகும்வரை கம்பியால் நெம்பித் திருப்பி, புதியதை நுழைப்பதற்குள் முழங்கால் விறைத்துவிடும். நட்டு கை தவறிப் பனியில் விழுந்தால் ஏப்ரலில்தான் கண்ணில் படும். ஒரே காலையில் மூன்று உடைந்த நாளும் உண்டு.

இந்த ஜனவரியில் பொறுமை போய்விட்டது. கடையில் கேட்டேன். உடையவே உடையாது, இதைப் போடுங்கள் என்று தலையில் ஆறு கோடு போட்ட, மிகவும் உறுதியான கிரேடு 8 போல்ட்டைக் கொடுத்தார்கள். என் புளோவரின் மேனுவல் கேட்பது அதைவிட மென்மையான கிரேடு 2, அதன் தலையில் கோடே இருக்காது. நம்பிப் போட்டேன். சொன்னபடியே அது உடையவில்லை. ரோட்டுப் பனியைத் தள்ளுகிற டவுன்ஷிப் லாரி எங்கள் பாதை வாயில் தள்ளிவிட்டுப் போன உறைந்த குவியலில் ஏதோ மாட்ட, போல்ட்டுக்குப் பதில் கியரின் பல் போனது. அந்த இடத்தில் இருக்க வேண்டியது உடைவதற்கென்றே வைத்திருக்கிற போல்ட். இந்தத் தொழிலிலேயே இருக்கிறவர்கள் உடையாததை எப்படி எடுத்துக் கொடுத்தார்கள் என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆனால் பனி எடுக்கிற வேலையில் புளோவருக்கு ஈடு கிடையாது. முன்பு பிளேடு வைத்துத் தள்ளியபோது இரண்டு பக்கமும் கரை எழும்பி, பிப்ரவரியில் பாதை ஒரு கார் அகலத்துக்குச் சுருங்கிவிடும். அந்தக் கரையே காற்றில் வருகிற பனியைப் பிடித்து வைத்து மறுநாள் பாதையை மூடும். புளோவர் பனியை வயலுக்குள் தூக்கி எறிந்துவிடுவதால் கரையே எழும்புவதில்லை. (ரோட்டுப் பக்கம் வீசாதீர்கள், ஒன்டாரியோவில் அது சட்டப்படி தப்பு.) வெயில் அடிக்கிற காலையில் அந்த வெள்ளை வளைவு வேலியைத் தாண்டிப் போய் விழுவதைப் பார்க்க எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. 40 நிமிடத்தில், பள்ளிப் பேருந்து வருவதற்குள், பாதை திறந்திருக்கும்.

சரி, வாங்கலாமா? உங்களுடையதும் சரளைப் பாதைதான், அதனால் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், பனி எடுக்கிற ஆளையே வரச் சொல்லுங்கள். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் புளோவரைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கிற சறுக்குத் தகட்டை ஓர் அங்குலம் இறக்கி வைத்து முதல் பனியைத் தரையோடு இறுக விடுங்கள், மேனுவலில் சொன்ன போல்ட்டில் இருபது வாங்கி டிராக்டரிலேயே போட்டு வையுங்கள். என்னுடையதை விலைக்குக் கொடுப்பீர்களா என்றும் கேட்டிருந்தீர்கள். கொடுக்கிற எண்ணம் இல்லை.