ஆறு கோடைகள், நான்கு மண்சட்டிகள்: பாஸ்தெல் தே சோக்லோ

சாந்தியாகோவுக்குக் குடிவந்த முதல் கோடையிலேயே பொமாயிரேவுக்குப் போய் நான்கு மண்சட்டிகள் வாங்கினேன். தலைநகருக்கு மேற்கே, மெலிபியா பக்கம் இருக்கும் குயவர் ஊர் அது. இது ஆறாவது கோடை. இரண்டு சட்டிகள் இன்னும் உழைக்கின்றன. அவற்றில் நான் சுட்டது பெரும்பாலும் ஒரே பண்டம்தான்: பாஸ்தெல் தே சோக்லோ. சிலி நாட்டின் 'பை' (pie) இது. கோதுமை மாவுத் தோல் கிடையாது. அடியில் இறைச்சி, மேலே அரைத்த பச்சை மக்காச்சோளம்.

ஸ்பானியர் வருவதற்கு முன்பே அந்தக் கண்டத்தில் விளைந்த தானியம் மேலே. அவர்களோடு வந்த மாடும் வெங்காயமும் ஆலிவும் உலர்திராட்சையும் சீரகமும் கீழே. ஆனால் கணக்கு அவ்வளவு நேரானதல்ல. சோக்லோ, அதாவது பச்சை மக்காச்சோளம், என்பது ஆண்டீஸ் மலைப் பூர்வகுடிகளின் கெச்சுவா மொழிச் சொல். கீழே இருக்கும் இறைச்சிக் கலவைக்கும் 'பினோ' என்று சிலியின் பூர்வகுடிகளான மாபுச்சேக்களின் மொழியிலிருந்து வந்த பெயர்தான். சோளத்தோடு அரைபடும் திருநீற்றுப்பச்சையோ கடல் கடந்து வந்தது. இரண்டு அடுப்படிகளும் ஒன்றுக்குள் ஒன்று கைவிட்டுப் பிசைந்த பண்டம் இது.

முதல் கோடையில் எனக்கு இது பிடிக்கவில்லை. இறைச்சியோடு உலர்திராட்சையா, சோளத்தின் மேல் சர்க்கரையா என்று இரண்டையும் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "மிஹித்தா, சர்க்கரை எங்கே?" என்று மட்டும் கேட்டார். மகளே என்பதை இங்கே அப்படித்தான் அன்பாகச் சொல்வார்கள். மறுவாரம் அவர் சொன்னபடி செய்தேன். மேலே தூவிய சர்க்கரை கருகி இலேசாகக் கசந்தது. அடியில் ஆலிவின் உப்பு. அந்தக் கசப்பும் உப்பும் ஒரே வாயில் சேர்ந்தபோதுதான் இந்தப் பண்டம் எனக்குப் புரிந்தது. அதன்பிறகு சர்க்கரையை ஒருமுறைகூட விடவில்லை.

பினோவுக்கு இறைச்சியின் எடைக்குச் சமமாக வெங்காயம் வேண்டும். குறைத்தால் வறண்டுபோகும். முதல் நாள் இரவே செய்து குளிர வைத்துவிடுகிறேன். சாறு இறுகிவிடுவதால் சோள விழுது உள்ளே அமிழ்வதில்லை. சட்டிக்கு ஒரு துண்டுக் கோழி, கால் முட்டை, ஓர் ஆலிவ். ஆலிவைக் கொட்டையோடு போடுவது வழக்கம் என்பதால் விருந்தினரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சோளத்தில் மட்டும் சமரசம் கூடாது. கோடையில் சந்தைக்கு வரும் பருமணி 'ஊமேரோ' சோளத்தில் மாவுச்சத்து அதிகம். பாலும் திருநீற்றுப்பச்சையும் சேர்த்துக் கிளறினால் தானாகக் கெட்டியாகும். ஒரு குளிர்காலத்தில் டப்பாவில் வரும் இனிப்புச் சோளத்தில் செய்து பார்த்தேன். நீர் விட்டு, பினோ முழுவதும் மிதந்தது. உறைய வைத்த விழுது பரவாயில்லை. வாசனைக்குப் புதிய இலைகளைச் சேர்த்தால் போதும்.

புதுச்சட்டியைப் பழக்க, பாட்டி பால் ஊற்றிக் காய்ச்சச் சொன்னார். நான் எங்கள் வீட்டு வழக்கப்படி அரிசி களைந்த நீரையும் இரண்டு நாள் ஊற்றி வைத்தேன். இருந்தும் ஒன்று குளிர்பெட்டியிலிருந்து நேராகச் சூடான அடுப்புக்குப் போய் வெடித்தது. இன்னொன்று சுடச்சுட ஈரக் கல்மேடையில் வைத்ததும் விரிசல் விட்டது. இரண்டும் என் தவறுகள்தான். இப்போது சட்டியை உள்ளே வைத்த பிறகே அடுப்பை மூட்டுகிறேன். 200 டிகிரியில் 45 நிமிடம், கடைசிப் பத்து நிமிடம் மேல்நெருப்பு. சோப்பு போடுவதே இல்லை. மண் அந்த வாசனையைக் குடித்துவிடும்.

கண்ணாடித் தட்டிலும் சுட்டுப் பார்த்திருக்கிறேன். வேகத்தான் செய்தது. ஆனால் மண்சட்டியின் விளிம்பில் ஒட்டி முறுகும் அந்தச் சோளப் பொருக்கு வரவில்லை, மேசைக்கு வந்ததும் கொதிப்பும் அடங்கிவிட்டது. மார்ச் முடிவதற்குள் மறுபடி பொமாயிரே போக வேண்டும். இம்முறை விளிம்பு ஒரு விரல் உயர்ந்த சட்டிகளாக வாங்கப்போகிறேன், விழுது பொங்கி வழியாதபடி.