தோசைக்கல்லும் கல்சட்டியும்: ஏழு வருடம் புழங்கிப் பார்த்ததில்

ஐந்து வருடத்தில் மூன்று நான்ஸ்டிக் தவா வாங்கினேன். மூன்றும் ஒரே மாதிரிதான் போயின. முதல் வருடம் தோசை வழுக்கிக்கொண்டு வரும். அடுத்த வருடம் நடுவில் பிடிக்கும். அப்புறம் பூச்சு உரிந்து, கறுப்புத் துணுக்குகளாகத் தோசையின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளையின் தட்டில் அப்படி ஒரு துணுக்கைப் பார்த்த அன்றைக்கு மூன்றாவதைத் தூக்கிப் போட்டேன். அது 2018 கடைசி.

தவாவை மட்டும் குறை சொல்ல முடியாது. வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்து, தண்ணீர் தெளித்து, சுர்ரென்று சத்தம் வந்தால்தான் நமக்கு மாவு ஊற்றக் கை வரும். நான்ஸ்டிக் பூச்சோ 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்குகிற பொருள். காலித் தவா பெரிய தீயில் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடும். நம் தோசைப் பழக்கமும் அந்தப் பூச்சும் ஒத்துப்போகாது என்பது எனக்கு மூன்று தவா போன பிறகுதான் புரிந்தது.

அடுத்து வாங்கியது 12 அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல். மூன்றரைக் கிலோ இருக்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறவைத்து, தினமும் கஞ்சியை மாற்றினேன். பிறகு அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிட்டேன். முதல் தடவை எண்ணெயைத் தாராளமாக ஊற்றியதில் கல் முழுக்கப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "துணியால தடவி, இன்னொரு துணியால தொடச்சு எடுத்துடணும்டி. எண்ணெய் இருக்கிறதே கண்ணுக்குத் தெரியக் கூடாது" என்றாள். அதுதான் சூட்சுமம். மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டில் இறுகி, இரும்பின் சொரசொரப்பை மூடி, கெட்டியான தோலாக மாறுகிறது. கனமாகப் பூசினால் இறுகாமல் பசையாக நிற்கும். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன். ஐந்து பூச்சு. அதன்பின் பத்து நாள் வெங்காயம் மட்டும் வதக்கினேன். மூன்றாவது வாரம்தான் கிழியாத தோசை வந்தது.

எண்ணெயைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், முதல் ஆறு மாதம் இரும்புக்கல் அதற்கு உதவாது. நான்ஸ்டிக்கில் ஊற்றியதைவிட அதிகமாகவே ஊற்ற வேண்டியிருந்தது. இன்றைக்கு, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் இரண்டு தோசைக்குக் காணும். நடுவில் ஒரு தடவை, வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் அதே கல்லில் இருபது சப்பாத்தி போட்டுவிட்டார். எண்ணெயில்லாமல் நீண்ட நேரம் காய்ந்ததில் படலம் தீய்ந்து, மறுநாள் தோசை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சப்பாத்திக்குத் தனிக்கல் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. இன்னொரு தடவை மழைக்காலத்தில் ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தால், கல் முழுக்கத் துரு. கல்லுப்பும் புளியும் வைத்துத் தேய்த்து, ஒரே சாயங்காலத்தில் மீட்டுவிட்டேன். பூச்சு போன தவாவுக்கு இந்த வழி கிடையாது.

இருப்புச்சட்டியில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஈடே இல்லை. சிம்மில் போட்டுவிட்டால் அடிபிடிக்காமல் மொறுமொறுவென்று வரும். ஆனால் வாழைப்பூவை அதில் வதக்காதீர்கள். அதிலிருக்கும் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கன்னங்கறுப்பாகிவிடும். ஒருநாள் வத்தக்குழம்பை ராத்திரி முழுக்க அதிலேயே விட்டுவிட்டேன். காலையில் வாயில் வைக்க முடியாத இரும்பு வாடை. புளிப்பு இரும்பை அரிக்கும். ஹைதராபாத்திலிருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சாம்பார், சட்னி போன்ற புளிப்பானவற்றை அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைத்திருக்க வேண்டாம் என்கிறது. சமைத்ததும் மாற்றிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். இரும்புச் சட்டியில் சமைத்தால் ரத்தம் ஊறுமா என்று பலர் கேட்கிறார்கள். புளி, தக்காளி சேர்ந்த பதார்த்தத்தில் இரும்பு இறங்குவது உண்மை. எனக்கு அப்போது ஹீமோகுளோபின் குறைவாக இருந்து பிறகு ஏறியதும் உண்மை. ஆனால் டாக்டர் தந்த மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டேன், அதனால் அந்தப் பெருமையைச் சட்டிக்குத் தர மாட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கல்சட்டிதான். மாக்கல்லைக் குடைந்து செய்வது, புளிப்புக்கு அசையாது. வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, கீரை மசியல் எல்லாம் அதில்தான். அடுப்பை அணைத்த பிறகும் ஐந்தாறு நிமிடம் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும், ஆகவே முக்கால் பதத்திலேயே அணைத்துவிடலாம். கீரையை மூடாமல்தான் வேகவைப்பேன்; அதிலிருந்து வரும் புளிப்பு ஆவியோடு போய்விடுவதால் பச்சை நிறம் நிற்கிறது. முதல் சட்டியைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி ஈர மேடைமேல் வைத்தேன். டக்கென்று ஒரு சத்தம், மேலிருந்து கீழ்வரை விரிசல். அன்றைக்கு அழுதேவிட்டேன். இரண்டாவது சட்டிக்கு இப்போது ஐந்து வயது. எப்போதும் மரப்பலகைமேல்தான் இறக்குகிறேன். முதலில் சின்னத் தீ, சூடு ஏறியபின்தான் நடுத்தரத் தீ. குறை என்றால் கனம். மணிக்கட்டு வலியுள்ள அம்மாவால் குழம்போடு தூக்கவே முடிவதில்லை. இண்டக்‌ஷன் அடுப்பிலும் சூடாகாது.

மீன் குழம்புக்கு மண்சட்டி. பளபளக்கும் பூச்சுள்ளதை வாங்காமல், மானாமதுரைச் சட்டி மாதிரி வெறும் சிவப்பு மண்ணாகப் பார்த்து வாங்குங்கள். சோப்பை மண் உறிஞ்சும். நான் தேங்காய் நாரும் சீயக்காயும்தான் போடுகிறேன். இரண்டு உடைந்தன, விலை குறைவு என்பதால் மனம் நோகவில்லை.

ஈயச்சொம்பைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயத்தில் இருக்க வேண்டும். அது 232 டிகிரியில் உருகும், ஆகவே உள்ளே ரசமோ தண்ணீரோ இல்லாமல் அடுப்பில் ஏற்றவே கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து கலப்படம். நாம் ஈயம் என்ற ஒரே சொல்லை வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் சொல்கிறோம். காரீயம் நஞ்சு, பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். நான் வாங்கிய சொம்பு கைக்கு ரொம்பக் கனமாகவும் மங்கலாகவும் இருந்தது. சுத்தமானதா என்று கடைக்காரரால் உறுதி சொல்ல முடியவில்லை. பரணில் ஏற்றிவிட்டேன். ரசம் எவர்சில்வரில்தான் வைக்கிறேன், நன்றாகவே இருக்கிறது.

பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் குக்கர்தான். கிட்டத்தட்ட 120 டிகிரியில் வேகிறது, கேஸும் மிச்சம். அதை விடும் எண்ணமில்லை.

தங்கை மகள் அடுத்த மாதம் வேலைக்குக் கோயம்புத்தூர் போகிறாள். வாடகை வீட்டில் இண்டக்‌ஷன் மட்டும்தான். கல்சட்டி கேட்டாள், வேண்டாம் என்று சொல்லி, அடி தட்டையான 10 அங்குலத் தோசைக்கல் ஒன்று வாங்கியிருக்கிறேன். இருபக்கமும் பிடி உள்ளது, ஒரு கையால் தூக்கும் கனம். கஞ்சியில் ஊறவைத்தாகிவிட்டது. நேற்று மூன்றாவது பூச்சு போட்டேன், இன்னும் இரண்டு பாக்கி.