பழைய காருக்கு மாற்று இன்ஜின்: வீடியோவா, கட்டுரையா, மேனுவலா?

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இன்ஜினைப் பிடித்திருப்பது நாலே நாலு நட்டு போல்ட்டுதான். இன்ஜின் மாற்றிக் காட்டும் வீடியோக்காரர்கள் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். பொய்யில்லை. ஆனால் 6 வோல்ட் காலத்து பீட்டிலில் பிற்காலத்து 12 வோல்ட் இன்ஜினை ஏற்றிப் பாருங்கள். ஜாக்கியில் தூக்கித் தள்ளினால் கடைசி ஒரு விரல்கடை மூடாமல் அடம்பிடிக்கும். மூடினாலும் உள்ளே எதுவோ உரசும். பழைய ஃப்ளைவீலுக்கு (இன்ஜினின் பின்னால் சுழலும் பல் சக்கரம்) 109 பல், புதியதற்கு 130 பல், சுற்றளவும் பெரிது. கியர்பாக்ஸ் கூட்டின் உட்புறத்தைத் தேய்த்து இடம் பண்ண வேண்டியிருக்கலாம். ஸ்டார்ட்டரும் மாற வேண்டும், அதன் புஷ் (தண்டு சுழலும் சிறு வளையம்) அளவும் வேறு.

அந்த விரல்கடை இடைவெளியில்தான் வீடியோ நம்மைக் கவிழ்க்கும். "போல்ட்டை முறுக்குங்க, தானா உள்ளே போயிடும்" என்பார்கள். போகாது. கிளட்ச் பிளேட் நடுவில் உட்காராமல் இருந்தால் அதன் நடுப்பகுதி வளையும், இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் கூட்டின் காது (போல்ட் மாட்டும் விளிம்பு) விரிசல் விடும். கையால் ஆட்டி உள்ளே போகாத இன்ஜினைப் போல்ட்டால் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்காக வீடியோவை ஒதுக்கவும் முடியாது. கம்பெனி மேனுவல் "இன்ஜினைப் பொருத்தவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். எந்தக் கோணத்தில் சாய்ப்பது, ஸ்ப்லைன் (கியர்பாக்ஸ் தண்டின் வரிப்பள்ளங்கள்) பிடிக்க கிராங்கை எவ்வளவு திருப்புவது என்பதெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் புரியும். ஆனால் வெட்டு விழும் இடத்தைக் கவனியுங்கள். ஒரு ஷாட்டில் கை சுத்தமாக இருக்கும், அடுத்த ஷாட்டில் கிரீஸ் அப்பியிருக்கும். நடுவே என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது, அதைக் காட்டவே மாட்டார்கள்.

'பத்தே படிகளில் இன்ஜின் மாற்றம்' வகைக் கட்டுரைகளை நான் கடைசியில்தான் வைப்பேன். அவற்றில் எந்த வருட இன்ஜின் என்பதே இருக்காது. செவர்லே 350 இன்ஜின் என்றால் எல்லாம் ஒன்றா? 1986 முதல் பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டாக மாறியது. ஃப்ளைவீல் போல்ட் வட்டமும் 3.58 அங்குலத்திலிருந்து 3 அங்குலமானது. இங்கேயாவது தவறான ஃப்ளைவீல் மாட்டாது, பிழைத்தோம். ஃபோர்டு 302 இன்ஜினில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. முதலில் ஃப்ளைவீலில் 28 அவுன்ஸ் பேலன்ஸ் (அதிர்வை அடக்க ஒரு பக்கம் கூட்டி வைக்கும் எடையின் அளவு), 1980-களின் தொடக்கத்தில் அது 50 ஆனது. போல்ட் ஓட்டைகளோ ஒன்றுதான். மாற்றிப் போட்டால் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். ஸ்டார்ட் செய்த பிறகுதான் கார் முழுக்க நடுங்கும்.

சரி, மேனுவல்? எண்களுக்கு அதுதான். டார்க் அளவை, அதாவது போல்ட்டை எவ்வளவு இறுக்கமாக முறுக்குவது என்பதை, வேறெங்கும் தேட மாட்டேன். யூனிட்டை மட்டும் இருமுறை பார்க்க வேண்டும். ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது ஏழுக்கும் சற்று மேற்பட்ட பவுண்டு-அடி, குழப்பிக்கொண்டால் போல்ட் அறும் அல்லது கழன்றுவிடும். மேனுவலின் குறை வேறு: காருக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று என்று இரண்டு புத்தகம் இருக்கும், இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது. 1967 வரை வந்த எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் கார், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது. அதன் மேனுவல்படி பேட்டரியை மாட்டி, புது இன்ஜினின் மேனுவல்படி நெகட்டிவ் எர்த் ஆல்டர்னேட்டரை இணைத்தால் டயோடு கருகிவிடும். இரண்டு புத்தகத்திலும் பிழை கிடையாது.

அடாப்டர் கிட்டோடு (வேறு இன்ஜினைக் காரோடு பொருத்தும் பாகங்களின் தொகுப்பு) வரும் தாள் இந்த இணைப்பைப் பற்றியே பேசும், அதனால் கிடைத்தால் அதற்கு மதிப்பு அதிகம். என்ன, உங்கள் கார் ஃபேக்டரியிலிருந்து நேற்று வந்தது என்ற நினைப்பில் எழுதியிருப்பார்கள். இடையில் எத்தனை பேர் கை வைத்தார்கள் என்பது அந்தத் தாளுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே எண்ணுக்கு மேனுவல், கை அசைவுக்கு வீடியோ, இணையும் இடத்துக்குக் கிட் தாள். அப்புறம் இன்ஜினைத் தூக்குவதற்கு முன்னால் ஃப்ளைவீல் பல்லை நீங்களே எண்ணிவிடுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. எண்பதைத் தாண்டினால் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோகும்.